உறவு முறிந்தபின் ஆஸ்திரேலியப் பார்ட்னர் விசா: விண்ணப்பதாரர் செய்ய வேண்டியவை

ஆஸ்திரேலியப் பார்ட்னர் விசாவின் முடிவுக்குக் காத்திருக்கும்போது தம்பதியரின் உறவு முறிந்துவிட்டால், விண்ணப்பத்தைப் பொறுத்தவரை கணக்கில் வருவது விவாகரத்துத் தேதி அல்ல; இருவரும் தம்பதியராக வாழ்வதை நிறுத்திய நாளே. அந்நாட்டில் விவாகரத்துக் கோருவதற்கு 12 மாதங்கள் பிரிந்திருக்க வேண்டும் என்பதால், ‘சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதானே’ என்று எண்ணி மௌனமாக இருப்பது ஆபத்தானது. 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், விண்ணப்பத்தில் கூறிய சூழ்நிலை மாறியதும் அதை இயன்றவரை விரைவாக எழுத்தில் அறிவிக்கும் கடமையை விண்ணப்பதாரர் மீது வைக்கிறது. சில நாள் ஊடலும், வேலைக்காக வேறு ஊரில் தங்குவதும் முறிவு ஆகா.

அறிவிப்பதற்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. பல வீடுகளில் விண்ணப்பக் கணக்கைத் திறந்தவரும் கடவுச்சொல்லை வைத்திருப்பவரும் ஸ்பான்சர்தான், அதாவது உங்கள் விசாவுக்கு ஆதரவளிக்கும் துணைவர்தான். அப்படியானால், உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு மின்னஞ்சலையும் முகவரியையும் உள்துறைத் திணைக்களத்திடம் உடனே பதிவு செய்யுங்கள். இல்லையேல் விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவரிடமே போய்ச் சேரும், உங்களுக்குத் தெரியாமலே கெடு முடிந்துவிடும். பிறகு இமிஅக்கவுண்ட் (ImmiAccount) என்ற இணைய விண்ணப்பக் கணக்கு வழியாகவோ, சூழ்நிலை மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 1022 மூலமாகவோ, உறவு முடிந்த தேதியையும், விண்ணப்பத்தைத் தொடர விரும்புகிறீர்களா, எந்த அடிப்படையில் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

அடிப்படை என்றது இதைத்தான்: ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து விண்ணப்பிக்கும் 820 (தற்காலிக), 801 (நிரந்தர) விசா வகையில், ஸ்பான்சர் இறந்துவிட்டாலும், இருவருக்கும் பொதுவான குழந்தை தொடர்பான உரிமையோ பராமரிப்புப் பொறுப்போ இருந்தாலும், ஸ்பான்சர் குடும்ப வன்முறை இழைத்திருந்தாலும், உறவு முறிந்தபின்னும் விசா கிடைக்க வழி உண்டு. ஆனால் உறவு முறியும் வரை அது உண்மையாக இருந்தது என்று நிறுவ வேண்டும். ஆகவே கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஒளிப்படங்கள் ஆகியவற்றை வீட்டைவிட்டு வெளியேறும் முன்பே படியெடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து 309 எனும் பார்ட்னர் விசா கேட்டு, அது கிடைக்குமுன் உறவு முறிந்தவரின் நிலை இதைவிடக் கடினமானது.

குடும்ப வன்முறை என்றால் அடி மட்டும் அல்ல. மிரட்டல், பணத்தைப் பறித்து வைத்தல், வீட்டில் அடைத்தல், தன் பாதுகாப்புக்கு அஞ்சும்படி நடத்துதல் ஆகியவையும் அதில் அடங்கும். வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்துவதை விக்டோரியா மாநிலத்தின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது; நம் குடும்பங்களில் இது வன்முறையாகவே எண்ணப்படுவதில்லை என்பது வேதனை. நீதிமன்ற ஆணையோ தண்டனைத் தீர்ப்போ இருந்தால் அது வலுவான சான்று. இல்லாவிட்டால், உங்கள் சட்டபூர்வ உறுதிமொழியோடு மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், காவல்துறை போன்றோரிடமிருந்து குறைந்தது 2 சான்றுகள் சேர்க்கப்பட வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது காயத்தை மட்டும் காட்டாமல் காரணத்தையும் சொல்லிப் பதிய வையுங்கள். ‘விசா வரும் வரை பொறுத்துக்கொள்’ என்று ஊரிலிருந்து வரும் அறிவுரைக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். ஸ்பான்சர் தம் ஆதரவைத் திரும்பப் பெறலாமே தவிர, உங்கள் விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இந்த விதிவிலக்கு எதுவும் பொருந்தாதவர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதா மறுப்பை எதிர்கொள்வதா என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை அங்கே தங்க அனுமதிக்கும் இடைக்கால விசா) இருப்பவருக்குத் திரும்பப் பெற்றபின் பொதுவாக 35 நாட்கள் கிடைக்கும். ஆனால் 820 ஏற்கெனவே கையில் இருந்தால், 801 விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதும் 820உம் முடிந்துவிடும். உள்நாட்டில் மறுப்பு வந்தபின் வேறு பெரும்பாலான விசாக்களுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கும் வழி அடைபடலாம் என்பதால், வேறு தகுதி உள்ளவர்கள் அதை முன்கூட்டியே ஆராய வேண்டும். மறுப்புக் கடிதத்தில் உள்ள மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். 2024 அக்டோபர் முதல் அதை விசாரிப்பது நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம்.

பதிவு பெற்ற குடிவரவு முகவரோ வழக்கறிஞரோ தவிர வேறு எவரிடமும் ஆலோசனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். வன்முறைக்கு ஆளானவர்கள் 1800 737 732 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். தமிழில் பேச வேண்டுமானால் 131 450 என்ற எண்ணை அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.