எம்எக்ஸ்-5 என்ஜினை வீட்டுலயே வெளிய எடுத்து சர்வீஸ் பண்றது எப்படி

1989ல வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அந்த 1.6 லிட்டர் வண்டி, வீட்டுல என்ஜின் எடுத்துப் பழக ரொம்ப நல்ல ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் நீளவாக்குல இருக்கு, பின்னாடியே கியர்பாக்ஸ், ரெண்டையும் சேர்த்தே மேல் வழியா தூக்குங்க, தனித்தனியா எடுக்கப் போனா மேல இருக்குற பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் என்ஜினோட சேருற மணி மாதிரி கூடு) போல்ட்டுக்கு கையே போகாது, வெளிய வந்துட்டா அது ரெண்டு நிமிஷ வேலை.

என்ஜின் கிரேன், சாய்மானத்தை மாத்துற லெவலர், வண்டியைத் தாங்குற நாலு ஆக்சில் ஸ்டாண்ட், போல்ட்டை சரியான அளவு முறுக்குற டார்க் ரெஞ்ச், கூட ஒரு ஆள், இதெல்லாம் வேணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது. கிரேன் கையை நீட்ட நீட்ட அது தாங்குற எடை குறையும், நீங்க மாட்டுற ஓட்டைக்கு எவ்வளவுன்னு அந்தக் கையிலயே எழுதியிருக்கும், அதைப் பாருங்க.

முதல்ல பியூவல் பிரஷரை இறக்கணும், என்ஜின் ஓடும்போது பம்ப் ரிலேயை கழட்டினா தானா அணைஞ்சிடும். அப்புறம் டிக்கியில இருக்குற பேட்டரியை கழட்டுங்க. கூலன்ட், என்ஜின் ஆயில், கியர் ஆயில் மூணையும் வடிச்சிடுங்க, கியர் ஆயிலை விட்டுட்டா பின் சக்கரத்துக்கு சக்தி கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை உருவினதும் கியர்பாக்ஸ் வால் பக்கமா தரையெல்லாம் கொட்டும். பானெட், ரேடியேட்டர் கழட்டுறது சுலபம், பானெட் கீல் இருந்த இடத்தை மட்டும் மார்க் பண்ணிக்கோங்க.

ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் ரெண்டையும் பைப்போடவே அவுத்து ஓரமா கட்டி வைங்க, ஏசி கேஸ் லைனை திறக்காதீங்க. கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் (பெடலை மிதிச்சா கிளட்சை தள்ளுற சின்ன சிலிண்டர்) அப்படித்தான், ரெண்டு போல்ட், அதுக்கப்புறம் யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது, மிதிச்சா பிஸ்டன் வெளிய வந்துடும்.

ஒவ்வொரு வயர் கப்ளரையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து டேப் ஒட்டி நம்பர் போடுங்க, போல்ட்டெல்லாம் தனித்தனி கவர்ல. இதுக்கு ஆகுற நேரத்தை தயவுசெஞ்சு மிச்சம் பிடிக்காதீங்க, திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு எர்த் வயர் விட்டுப்போனா வண்டி ஸ்டார்ட் ஆகாம நாள் கணக்கா அலைய விடும்.

கீழ கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கிற நீளமான அலுமினிய ஃப்ரேம் இருக்கு, அதை அவுக்குறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸுக்கு அடியில ஜாக்கி கொடுத்துடுங்க. கியர் லீவரை உள்ள இருந்து எடுக்கணும். எக்ஸாஸ்ட் நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க.

கிரேன் செயினை என்ஜினோட ரெண்டு பக்கமும் மாட்டி, எடை கிரேன்ல விழுந்ததுக்கு அப்புறம்தான் என்ஜினை வண்டியோட பிடிச்சிருக்குற மவுன்ட் நட்டை எடுக்கணும். முன்பக்கத்தை மேல தூக்கி, வாலை கீழ இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி ஏதாவது ஹோஸ், வயர் இழுக்குதான்னு சுத்திப் பாருங்க. தொங்குற என்ஜினுக்கு அடியில கை கால் எதுவும் போகக் கூடாது.

சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இன்டேக், எக்ஸாஸ்ட், ஆயில் ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிட்டு டீகிரீஸர் போட்டு பிரஷ்ல தேய்ங்க, பிரஷர் வாஷர் வேணாம், சீல் வழியாவும் கப்ளர் வழியாவும் தண்ணி உள்ள போயிடும்.

இப்பதான் நமக்கு வேண்டிய இடமே கையில கிடைக்குது, என்ஜினோட பின்பக்கம். கிளட்ச், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், க்ராங்க்ஷாஃப்ட்டோட பின்பக்க ஆயில் சீல், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் மாத்திடுங்க. சிலிண்டர் ஹெட் பின்னாடி இருக்குற கேம் ஆங்கிள் சென்சாரோட (கேம்ஷாஃப்ட் எந்த நிலையில இருக்குன்னு சொல்ற சென்சார்) ஓ-ரிங் ஆயில் கசியுறதுல பேர் போனது, சென்சாரை கழட்டுறதுக்கு முன்னாடி கோடு போட்டுக்கோங்க, இல்லன்னா இக்னிஷன் டைமிங் மாறிடும். முன்பக்கம் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப். ஆரம்ப கால 1.6ல க்ராங்க் மூக்கு, அதாவது க்ராங்க்ஷாஃப்ட்டோட முன் நுனி, குட்டை, அங்க புல்லியை நழுவாம பிடிக்கிற கீ உட்கார்ற பள்ளம் தேய்ஞ்சிருக்கான்னு கட்டாயம் பாருங்க, தேய்ஞ்சிருந்தா அப்படியே மாட்டாதீங்க.

திரும்ப மாட்டி ஆயில், கூலன்ட் ஊத்தினதும் இக்னிஷனை துண்டிச்சு வச்சு, ஆயில் பிரஷர் முள் ஏறுற வரைக்கும் ஸ்டார்ட்டரை விட்டு விட்டு சுத்துங்க, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.