சினிமாவில் விசுவாசப் பாடம் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்கள் புரொஜெக்டரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆலய ஹாலில் ஒரு படம், அப்புறம் கலந்துரையாடல், முடிவில் டீயும் சமோசாவும். சினிமா என்றாலே பாவம் என்று சொல்லி வளர்த்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு படத்தை வைத்துக்கொண்டு மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

இப்படிப்பட்ட கூட்டங்களைப் பல வருடமாக நடத்துகிறேன். புதிதாக நடத்துகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் அட்சரம் பிசகாமல் செய்கிறார்கள். ஸ்பீக்கரைச் சோதிக்காதது, சிறுபிள்ளைகள் இருக்கும்போது பொருந்தாத காட்சி வந்துவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை பட்டால் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில உண்டு.

முதலில் வசனம், அப்புறம் படம்

'விசுவாசத்தில் உறுதி' என்று தலைப்பை வைத்துவிட்டு அதற்கேற்ற படத்தைத் தேடுவார்கள். பத்து நிமிடத் துண்டு ஒன்று அகப்படும். ஏற்கெனவே எழுதி முடித்த செய்திக்கு நடுவே அது இடைவேளைபோல ஓடும். அதற்குப் படமே தேவையில்லை, செய்தியை மட்டும் கொடுக்கலாம். படத்தை முழுதாகப் பாருங்கள். அது எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று கண்டுபிடித்தபின் வேதத்தைத் திறங்கள்.

'இந்தப் படத்தில் இயேசு யார்?'

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தக் கேள்விதான். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கதாநாயகன், வலப்பக்கம் இயேசு. அவனும் எளிய வீட்டில் வளர்ந்தான், இவரும் வளர்ந்தார். அவனையும் நண்பன் காட்டிக்கொடுத்தான், இவரையும் காட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் விடுகதைக்கு விடை சொல்வதுபோல உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். பலகை நிறைந்ததும் ஜெபம்.

2013ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேன் கதை. பொருத்தங்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, படமே கையில் கொடுக்கிறது. பூமிக்கு வந்து 33 வருடம் ஆகிறது என்று நாயகன் சொல்கிறான். விண்கலத்திலிருந்து இரு கைகளையும் விரித்தபடி வெளியே மிதக்கிறான். தன்னை எதிரியிடம் ஒப்புக்கொடுப்பதா வேண்டாமா என்ற குழப்பத்தோடு ஊர் ஆலயத்துக்குப் போய்ப் பாதிரியாரிடம் பேசும்போது, அவன் முகத்துக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் கைதாகும் முன் கெத்செமனே தோட்டத்து இயேசு ஜெபித்துக்கொண்டிருக்கிறார். படத்தை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்கப் போதகர்களுக்குப் பிரசங்கக் குறிப்புகளே தயாரித்துக் கொடுத்தது. படத்துக்கு ஆள் சேர்க்கும் வழிகளில் அதுவும் ஒன்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரு சபையில் இந்தப் படத்தைப் போட்டு, வழக்கம்போலப் பலகையை நிரப்பினார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அண்ணா, இயேசு தன்னைக் கொல்ல வந்தவங்களை ஒண்ணும் செய்யலையே. இவர் வில்லனோட கழுத்தை முறிச்சிட்டாரே. அப்புறம் எப்படி ரெண்டு பேரும் ஒண்ணு?" நடத்தியவர் சொன்ன பதில்: "அதெல்லாம் பார்க்காதம்மா, பொதுக் கருத்தை மட்டும் எடுத்துக்கோ."

அன்று அந்த ஹாலில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். அதை மூடிவிட்டார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வில்லன் ஜெனரல் ஸாட் தன் கண்ணிலிருந்து பாயும் நெருப்பை, மூலையில் சிக்கிக்கொண்ட ஒரு குடும்பத்தின் பக்கம் திருப்பிக்கொண்டே போகிறான். நிறுத்தச் சொல்லி நாயகன் கெஞ்சுகிறான். முடியவில்லை. கழுத்தை முறிக்கிறான். உடனே முழங்காலில் விழுந்து அலறுகிறான். ஜெயித்தவன் போடும் கூச்சல் அல்ல அது. படம் முழுவதிலும் என்னை அதிகம் தொட்ட இடம் அதுதான். அவ்வளவு பலமுள்ளவனுக்கும் கொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இப்போது அந்த ஜன்னலுக்குத் திரும்புங்கள். அதே கெத்செமனேயில்தான் பேதுரு பட்டயத்தை உருவி, இயேசுவைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவனான மல்குஸின் காதை வெட்டினான். இயேசு பட்டயத்தை உறையிலே போடச் சொன்னார், வெட்டுப்பட்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார். பிதாவைக் கேட்டால் பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதர்கள் வருவார்கள் என்று அவரே சொல்கிறார். கேட்கவில்லை. பலம் இருந்தும் அதை எடுக்காமல் விட்டார். அந்தப் பெண்ணின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மத்தேயு 26ஆம் அதிகாரத்தைத் திறந்திருந்தால், சிலுவை ஏன் இடறலாக இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பார்கள். வீட்டுக்கு அவர்கள் எடுத்துப்போனதோ, எதிரியை அடித்து நொறுக்கும் ஒரு இயேசு. இந்தத் தவறுக்கு நாம் கொடுக்கிற விலை அது.

இன்னொன்றும் உண்டு. 1938ல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அழியப்போகும் இடத்திலிருந்து பெற்றோர் ஒரு குழந்தையைக் காப்பாற்றி அனுப்புகிறார்கள், அந்நியர் வீட்டில் அது வளர்கிறது. யாத்திராகமத்தின் நாணற்பெட்டி நினைவுக்கு வரவில்லையா? 'இயேசு யார்' என்றே கேட்டுப் பழகினால் மோசே கண்ணில் படமாட்டார்.

நம் ஊர்ப் படங்களுக்கும் இதையே செய்கிறார்கள். கதாநாயகனை இரண்டு கைகளையும் விரித்துக் கட்டிவைத்து வில்லன் ஆட்கள் அடித்தால் உடனே சிலுவைக் காட்சி. அடுத்த பாட்டு முடிவதற்குள் அவன் கட்டை அவிழ்த்துக்கொண்டு இருபது பேரைச் சாய்ப்பான். கை விரித்த விதத்தை வைத்து ஒருவனைக் கிறிஸ்துவுக்கு ஒப்பிடுவது கிறிஸ்துவைச் சிறிதாக்குகிற காரியம்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? கூடும் இடமும் இருக்கிறது. நார்னியா கதைகளின் சிங்கம் அஸ்லானை சி. எஸ். லூயிஸ் கிறிஸ்துவை மனத்தில் வைத்தே எழுதினார். அங்கே கேட்கலாம். அவருடைய நண்பர் டோல்கீன் கத்தோலிக்க விசுவாசி. ஆனாலும் உருவகக் கதை தனக்குப் பிடிக்காது என்று 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முன்னுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். அப்படியிருந்தும் மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோதான் இயேசு என்கிறார்கள். நெருப்பு மலையின் விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான்! மோதிரம் எனக்கே என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். மோதிரம் அழிவது, அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழும் கோலம் என்பவனால். கொல்லத் தகுந்தவன் என்று நினைக்கப்பட்ட அவனை, முன்பு மோதிரத்தை வைத்திருந்த பில்போவும் பிறகு ஃப்ரோடோவும் இரங்கி உயிரோடு விட்டிருந்தார்கள். "இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனத்தைப் பேச இதைவிட நல்ல இடம் உண்டா? ஃப்ரோடோவை இயேசு ஆக்கினால் அவனுடைய தோல்வியை மறைக்க வேண்டும். தோல்வியை மறைத்தால் இரக்கமும் மறைந்துபோகும்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. இதில் யார் யாரை மன்னிக்கிறார்கள்? அதற்காக எதை இழக்கிறார்கள்? யாரால் மன்னிக்க முடியவில்லை?

படம் தொடங்கும் முன்பே பாடத்தைச் சொல்லிவிடுவது

சொல்லாதீர்கள்.

கண்ணீரை மனந்திரும்புதல் என்று எண்ணுவது

வயலின் வாசித்தால் யாருக்கும் கண் கலங்கும். விளக்கைப் போடும் முன்பே 'ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்' என்று அழைப்பது சரியில்லை. கலந்துரையாடல் முடியட்டும், வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வாரம் பேசுங்கள்.

கதாசிரியர் எழுதியதை விசுவாசவீரர் சொன்னதாகச் சொல்வது

1981ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' நம் கூட்டங்களில் அடிக்கடி ஓடும் படம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுக்கொடுத்த எரிக் லிடெலின் கதை. ஓடும்போது தேவனுடைய பிரியத்தை உணர்கிறேன் என்று அவர் சொல்லும் வசனம் பல பிரசங்கங்களில் லிடெலின் சாட்சியாகவே சொல்லப்படுகிறது. அதை எழுதியவர் திரைக்கதை ஆசிரியர் காலின் வெலண்ட். கப்பல் ஏறும்போதுதான் ஞாயிறு ஓட்டம் பற்றி அவருக்குத் தெரியவருவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் மாதக்கணக்கில் முன்பே தெரியும். அந்த இடைவெளியில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். 47.6 வினாடியில் தங்கம்.

என்னைக் கேட்டால் உண்மைக் கதைதான் பெரியது. ஒரே நொடியில் எடுத்த வீரமான முடிவைவிட, சொன்ன சொல்லில் நின்றுகொண்டு மாதக்கணக்கில் வேறு தூரத்துக்குப் பயிற்சி எடுப்பதுதான் பிள்ளைகளுக்கு உதவும் பாடம். படம் சீனாவுக்குப் போவதில்லை. லிடெல் அங்கே மிஷனரியாக ஊழியம் செய்தார். ஜப்பானியர் நடத்திய வெய்ஷியன் தடுப்பு முகாமில் 1945 பிப்ரவரியில், 43 வயதில், மூளைக் கட்டியால் இறந்தார். அந்த முகாமில் சண்டையிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு நடுவராக நிற்க அவர் சம்மதித்தார் என்று உடன் இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுக் கலந்துரையாடலைத் தொடங்கிப் பாருங்கள், ஹாலில் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள்.

கிறிஸ்தவப் படம் மட்டும் போடுவது

விடை முன்பே தெரிந்த படத்தில் பிள்ளைகள் எதைத் தேடுவார்கள்?

வேதம் பேசும் வில்லனைத் தாண்டிப் போவது

'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தில் நம்பிக்கையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சிறை அதிகாரி நார்ட்டனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மனிதர் வாயைத் திறந்தால் வசனம். அவருடைய சுவரில் தேவனுடைய நியாயத்தீர்ப்பு சீக்கிரம் வருகிறது என்ற பூத்தையல். அதற்குப் பின்னால்தான் ஊழல் கணக்குகள் இருக்கும் பெட்டகம். கைதி தப்பிக்கப் பயன்படுத்திய சுத்தியல், அவனுடைய வேதப் புத்தகத்தில் யாத்திராகமம் தொடங்கும் பக்கத்திலிருந்து வெட்டிய குழிக்குள் இருந்தது. அந்தப் புத்தகத்தை நார்ட்டன் ஒருமுறை தன் கையில் வாங்கியும் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

விக்தோர் யூகோவின் 'லே மிசராப்ள' கதையிலும் இதே கதிதான். வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு வரும்போது, விளக்குத்தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுப்போனாய் என்று கேட்கும் பிஷப்பை எல்லாரும் கொண்டாடுகிறோம். கிருபைக்கு அதைவிட நல்ல காட்சி எனக்கும் தெரியாது. ஆனால் நம்மில் பலர் அந்த பிஷப்பின் சாயலில் இல்லை. சட்டம் தவறாத, தன்மேல் குற்றம் காண இடம் கொடுக்காத போலீஸ் அதிகாரி ஜாவரின் சாயலில்தான் இருக்கிறோம். நம் பாட்டன்மார் இவரைத் தமிழிலேயே பார்த்திருக்கிறார்கள். 1950ல் வந்த 'ஏழை படும் பாடு' இந்தக் கதைதான். அதில் அந்த வேடத்தில் நடித்த சீதாராமன் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே அறியப்பட்டார்.

தான் வேட்டையாடிய அந்தத் திருடனே தன் உயிரைக் காப்பாற்றிவிட்டான் என்பதை ஜாவரால் தாங்க முடியவில்லை. ஆற்றில் குதித்துவிடுகிறார். பிஷப்புக்குக் கால் மணி நேரம் கொடுத்தால் ஜாவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பாலத்தின் மேல் அவர் நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேளுங்கள். ஆயரும் மூப்பர்களும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.