ஆள் வராத காலத்தில் சாமியோடு இருப்பது எப்படி

காங்கயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பல தோட்டத்து வீடுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்கூட இருப்பதில்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருப்பார். பால்காரர் வந்துபோனால் அப்புறம் பொழுதுக்கும் ஆளரவம் கிடையாது. திருப்பூர் லைன் வீட்டில் சுற்றிலும் சனம் இருந்தும், நைட் ஷிப்ட் முடித்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவரின் நிலையும் இதுதான். தறியை விற்றுக் கடன் அடைத்தவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு எந்த விசேஷத்துக்கும் போக முடியாமல் இருப்பவர், வாழ்க்கை சரிப்படாமல் பொறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண், இவர்கள் எல்லோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

கஷ்டம் வந்தால் பக்தி தானாகப் பெருகும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. சாமி படத்தைப் பார்த்தாலே கோபம் வரும், ஆறுதல் சொல்ல வந்தவர் பேச்சு கசக்கும், கும்பிடக் கை எழாது. இது பாவமும் இல்லை, சாமி கைவிட்டதற்கு அடையாளமும் இல்லை. மனசு ஒத்துழைக்காத நாளில் நாக்கையும் கையையும் முதலில் பழக்குங்கள். மனசு பின்னால் வரும்.

அதற்கும் முன்னால் ஒன்று

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, குளிக்கக்கூடத் தோன்றவில்லை என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. பூஜையை அதற்கு மருந்தாக்கக் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். மாத்திரை சாப்பிடுவதால் தியானம் கெட்டுப்போகாது. தூக்கம் சரியானால்தான் உட்காரவே முடியும்.

தோட்டத்து வீட்டில் இன்னொன்றும் செய்தாக வேண்டும். மருந்தடிக்க வாங்கி வைத்த பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்தி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாகும் நினைப்பு வந்துபோகிறவர் வீட்டில் அது ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது. அந்த நினைப்பின் வேகம் பல சமயம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெடியால ஐந்து மணிக்கு மேல் நல்லது. கட்டுத்தரை வேலை இருக்கிறவர்கள் பால் கறந்து முடித்த பின், நைட் ஷிப்ட்காரர்கள் வேலையிலிருந்து வந்து குளித்த பின். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

துக்கத்தில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, முதல் நாளே ஒன்றரை மணி நேரம் உட்காருவது. நாலாம் நாள் முடியாது. ஐந்தாம் நாள் விட்டுப்போகும். ஏற்கெனவே இருக்கும் பாரத்தோடு “இதைக்கூடச் செய்ய முடியவில்லையே” என்ற குற்ற உணர்ச்சியும் சேரும். அதனால் கணக்கு இப்படி இருக்கட்டும்: விளக்கேற்றி மூச்சைக் கவனித்தபடி மூன்று நிமிடம், வாய்விட்டுப் பாடலோ மந்திரமோ பத்து நிமிடம், சும்மா இருக்க ஐந்து நிமிடம், எழுவதற்கு முன் வேறொருவருக்காக வேண்டிக்கொள்ள இரண்டு நிமிடம். அந்த வேறொருவர் உங்கள் பிள்ளையாக இருக்க வேண்டாம். பிள்ளைக்காக வேண்டத் தொடங்கினால் கவலைதான் நீளும். பஸ்ஸில் பார்த்தவர், கடைக்காரர், மனஸ்தாபம் உள்ள பங்காளி, இப்படி யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

அகலில் பாதிக்கு நல்லெண்ணெய், ஒரு திரி போதும். கை நடுங்கும் வயதானவர்கள் மணல் பரப்பிய தாம்பாளத்தில் அகலை வைக்கட்டும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏற்ற வேண்டும், எழும்போது குளிர வைத்துவிட வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் விளக்கை எரியவிட்டுப் படுப்பது ஆபத்து. ஹாஸ்டலில் விளக்கேற்ற விடமாட்டார்கள் என்றால் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து உட்காருங்கள். முட்டிவலி இருந்தால் நாற்காலி தாராளமாகப் போடலாம். பாதம் இரண்டும் தரையில் பதிய, அடியில் மடித்த சாக்கு ஒன்று இருக்கட்டும்.

கணவரை இழந்தவர்கள் விளக்கேற்றக் கூடாது, முன்னால் வரக் கூடாது என்று இன்னும் சில வீடுகளில் சொல்கிறார்கள். அதைக் காதில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சாமிக்கு நீங்கள்தான் விளக்கேற்ற வேண்டும்.

நாக்குக்கு ஒரு பாட்டு

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர். இவற்றில் கொடுமுடிப் பதிகம் இந்தக் காலத்துக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஈரோடு - கரூர் ரயில் பாதையில், காவிரிக் கரையோரம் இருக்கிறது அந்தக் கோயில். அங்கே சுந்தரர் பாடியது ஏழாம் திருமுறையில் வருகிறது. பாட்டுக்குப் பாட்டு திரும்பி வரும் சேதி ஒன்றுதான்: நானே உன்னை மறந்துபோனாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். மனசு மரத்துப்போன ஒருவர் இதைவிட உண்மையாக எதையும் சாமியிடம் சொல்ல முடியாது. உருக்கம் வரவில்லையே என்று அவர் வருந்த வேண்டியதில்லை. உருக்கம் இல்லாத நாளையும் கணக்கில் வைத்தே பாடப்பட்ட பதிகம் இது.

மொத்தம் பத்துப் பாட்டு. வாரத்துக்கு ஒன்று வீதம் எடுத்தால் இரண்டரை மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். முதல் இரண்டு நாள் புத்தகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். மூன்றாம் நாள் பாதியைப் பார்க்காமல் சொல்லுங்கள். வாரக் கடைசியில் முந்தைய வாரங்களின் பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, சத்தம் வேண்டும். மனசுக்குள் படித்தால் இரண்டாவது வரியிலேயே ஆஸ்பத்திரிக் கணக்குக்கும் வக்கீல் பீஸுக்கும் நினைப்பு ஓடிவிடும். குரல் இருந்தால் அது இழுத்துப் பிடிக்கும். போனில் பாட்டைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பதை இதில் சேர்க்காதீர்கள். அது வீட்டில் சத்தம் இருக்க உதவும், உங்கள் நாக்கு பழகாது.

முருகனைக் கும்பிடுகிறவர்கள் கந்த சஷ்டி கவசம் சொல்லலாம். சென்னிமலையில் அரங்கேறியது என்று மரபாகச் சொல்லும் அந்தக் கவசம் கொஞ்சம் நீளம் என்பதால் பாதிப் பாதியாக இரண்டு நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜெபமாலை உருட்டுகிறவர்களுக்கும் திக்ரு செய்கிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும்: ஒன்றையே எடுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒன்று மாற்றாதீர்கள்.

முதல் சில நாள் இதமாக இருக்கும். அப்புறம் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மந்தம் வரும். சொல்வது வெறும் சத்தமாகத் தோன்றும், கொட்டாவி வரும், சிலருக்குக் காரணம் இல்லாமல் அழுகை வரும். விட்டுவிடுகிறவர்கள் அங்கேதான் விடுகிறார்கள். அந்த நாட்களில் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம், நாளை மட்டும் விடாதீர்கள். அழுகை வந்தால் பாட்டை நிறுத்தி அழுது முடித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடருங்கள்.

கைக்கு ஒரு வேலை

பழைய பிடி அரிசி வழக்கத்தைத் திரும்ப எடுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுங்கள். ஒரு பிடி நாற்பது, ஐம்பது கிராம் வரும். மாதத்தில் ஒன்றரைக் கிலோ அளவுக்குச் சேரும். வண்டு விழாமல் இருக்க நாலைந்து வரமிளகாய் போட்டு வையுங்கள். ஒருவருக்கு மட்டும் சமைக்கும் வீட்டில் “யாருக்காக அடுப்புப் பற்ற வைக்கிறேன்” என்ற எண்ணம்தான் முதலில் வரும், ரசம் வைப்பதுகூட நின்றுபோகும். அந்த ஒரு பிடி அதற்குப் பதில் சொல்லும். அமாவாசைக்கு அமாவாசை கோயில் அன்னதானத்துக்கோ, கஷ்டப்படும் ஒரு வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். யாரிடமாவது கொடுத்தனுப்பினால் பாதிப் பலன் போய்விடும். வாசலைத் தாண்டி நடப்பதும் ஒரு முகத்தைப் பார்ப்பதும் சேர்ந்ததுதான் இந்தப் பயிற்சி.

உடம்பு இடம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை உழவாரப்பணிக் குழுவோடு போங்கள். புல் செதுக்கி, பிரகாரம் கூட்டி, விளக்குத் துலக்கும் இடத்தில் யாரும் உங்கள் கதையைக் கேட்கமாட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி.

கவலையைப் பிரித்து எழுதுவது

பொள்ளாச்சி ஆழியாறில் அறிவுத்திருக்கோயிலை அமைத்த வேதாத்திரி மகரிஷி (1911 - 2006) கவலையை நாலாகப் பிரிக்கச் சொன்னார். தனியாக இருப்பவருக்கு இவ்வளவு உதவும் முறை குறைவு. ஒரு நோட்டில் பக்கத்தை நாலாக மடியுங்கள்.

அனுபவித்தே தீர வேண்டியவை ஒரு கட்டம். துணையை இழந்த துக்கம், சர்க்கரை வியாதி இங்கே வரும். உடனே தீர்க்க வேண்டியவை இரண்டாவது: வாரிசுச் சான்றிதழ், நகைக்கடன் தவணை, கரன்ட் பில் பெயர் மாற்றம். தள்ளிப்போட வேண்டியவை மூன்றாவது. “தோட்டத்தை வித்துட்டு மகன்கூடப் போயிரலாமா” என்ற கேள்வியை இங்கே எழுதுங்கள். துக்கம் நடந்த ஒரு வருஷத்துக்குள் நிலத்தை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ வேண்டாம், யார் அவசரப்படுத்தினாலும். நாலாவது, அலட்சியம் செய்து ஒதுக்க வேண்டியவை: எழவு வீட்டில் ஒறம்பரை ஒருத்தர் சொன்ன சொல், சீர் வைப்பதில் வந்த சடவு.

வாரத்துக்கு ஒரு நாள், பகலில், அரை மணி நேரம் மட்டும் எழுதுங்கள். ராத்திரியில் எழுதினால் எல்லாமே இரண்டாவது கட்டத்தில் வந்து விழும், தூக்கம் போகும். எழுதி முடித்ததும் இரண்டாவது கட்டத்திலிருந்து ஒன்றே ஒன்றை அந்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மருமகள் என்ன செய்தாள், தம்பி என்ன பேசினான் என்றே பக்கம் நிறைந்தால் முறை தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் ஒவ்வொரு வரியையும் “நான்” என்று தொடங்கி எழுதிப் பாருங்கள்.

ஒரே ஒரு ஆள்

பத்துப் பேர் வேண்டாம், வாரம் ஒருமுறை வந்து அரை மணி நேரம் உட்காரும் ஒருவர் போதும். புத்தி சொல்கிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெட்கப்படாமல் நேராகக் கேளுங்கள்: “ஏனுங்க அக்கா, வெள்ளிக்கெழம பொழுதோட ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒண்ணும் பேச வேண்டாமுங்க, சும்மா இருந்தாப் போதும்.” இப்படிக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். எதைக் கேட்பது, எப்போது வருவது என்று தெரியாமல்தான் பலர் ஒதுங்கியிருக்கிறார்கள்.

எதில் கவனம் வேண்டும்

மனசு தளர்ந்த நேரத்தில் கடுமையான வேண்டுதல் மேல் ஆசை வரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிவிடுகிறேன் என்று இருதயக் கோளாறோடு தனியே கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்; பாதி வழியில் மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. நடக்க ஆசையிருந்தால் தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஊர்க்காரர்கள் பழனிக்குப் போகும் பாதயாத்திரையில் சேருங்கள். தாராபுரத்திலிருந்து மட்டும் சேர்ந்துகொண்டாலும் 35 கிலோமீட்டர் அளவுக்கு நடை. ஒரு மாதம் முன்பே தினம் நாலைந்து கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்காதீர்கள், ராத்திரி தங்கும் இடத்தில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைத்து, எது வருகிறது என்று உத்தரவு பார்க்கும் பூக் கேட்பதை ஒரு காரியத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வரும் வரை திரும்பத் திரும்பக் கேட்டால் சாமியிடம் கேட்பது நின்று நம் ஆசையிடம் கேட்பதாக முடியும். பரிகாரம் என்று பெரிய தொகை கேட்கிறவர், “வீட்டில் யாரிடமும் சொல்லாதே” என்கிறவர், இருவரிடமிருந்தும் உடனே விலகுங்கள். தனியாக இருப்பவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள்.

வளர்ச்சி எப்படித் தெரியும்? கனவில் சாமி வருவதை வைத்து அளக்காதீர்கள். கூலிக்கு வந்தவர் தாமதமானால் சுள்ளென்று விழாமல் இருக்கிறோமா, மகன் போன் எடுக்காத அன்று சோறு இறங்குகிறதா, அடுத்த வீட்டு நல்ல சேதி கேட்டு முகம் மலர்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

மிகவும் சிரமமான நாள் முதல் வருஷத் திதி. அன்றைக்கு என்ன செய்வது என்பதை ஒரு மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். பவானி கூடுதுறையிலோ கொடுமுடியிலோ தர்ப்பணம் கொடுப்பதானால் உடன் வர ஒருவரிடம் சொல்லி வையுங்கள். தனியே போக வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்திருக்கும் நாட்களில் காவிரி இழுக்கும், வெள்ளக் காலத்தில் குளிக்கத் தடையும் போடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தடை இருந்தால் வீட்டிலேயே தண்ணீர் இறைத்துக் குளித்துக் கும்பிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையாவது கூப்பிட்டு இலை போடுங்கள். அவர்கள் போன பிறகு வரும் சாயங்காலத்துக்கும் ஒரு வேலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.