தொழுகை ஏன் பாதியில் நின்றுபோகிறது: நானே செய்து கெட்ட தவறுகள்

பெருநாள் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ரமழானில் எங்கள் பள்ளிவாசலில் அதிகாலைச் சுபுஹு தொழுகைக்கு வராந்தா வரை ஸஃப், அதாவது வரிசை, நின்றது. நேற்று எண்ணிப் பார்த்தேன், ஒன்றரை ஸஃப். அதிலும் பாதிப் பேர் வருஷம் முழுக்க வருகிற பெரியவர்கள். காணாமல் போனவர்களில் மூன்று பேர் எங்கள் கொப்பரைக் களத்தில் வேலை பார்க்கும் பையன்கள். என்னடா ஆச்சு என்று கேட்டால் மூவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் என் அத்தாவிடம் சொன்ன அதே பதில், வார்த்தை மாறாமல்.

களம் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பஸ் போர்டு மலையாளம் என்றாலும் வீட்டிலும் களத்திலும் தமிழ்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவை எப்படிச் செய்வது, குனிந்து நிற்கும் ருகூவில் என்ன ஓதுவது என்பதெல்லாம் மதரஸாவில் படித்தது, அதற்குள் நான் போகவில்லை. ஆர்வமாக ஆரம்பித்தவன் ஏன் நின்றுபோகிறான் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

முதல் நாளே மொத்தத்தையும் தூக்குவது

ஐந்து வக்தின் (வேளையின்) பர்ளையும், அதாவது கட்டாயத் தொழுகையையும், கூட்டினால் 17 ரக்அத் (தொழுகைச் சுற்று). இதையே முழுசாகத் தொழுது பழகாதவன் பெருநாளுக்கு மறுநாள் ஒரு பட்டியல் போடுவான்: சுன்னத் என்ற உபரித் தொழுகை 12 ரக்அத், பின்னிரவில் தஹஜ்ஜுத், முற்பகலில் லுஹா, தினம் குர்ஆனில் ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பங்கு), திங்களும் வியாழனும் நோன்பு. பத்தாம் நாள் பட்டியல் சரியும். சரியும்போது பர்ளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே (நற்செயலே) அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஜும்ஆ பயானில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கேட்டுவிட்டு வந்துதான் பட்டியல் போடுகிறோம்.

பர்ளு ஒரு மாசம் நிலைத்து நிற்கட்டும். அப்புறம் ஒன்றைச் சேர்க்கலாம். என்னைக் கேட்டால் முதலில் சேர்க்க வேண்டியது சுபுஹின் முன் சுன்னத் இரண்டு ரக்அத்.

தஸ்பீஹ் கவுண்டர்

வாங்க வேண்டாம். எண்ணுவதற்கு விரல் இருக்கிறது.

"சுபுஹு போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்"

பையன்கள் மூவரும் சொல்கிற, நான் அத்தாவிடம் சொன்ன பதில் இதுதான். இதை யாராவது சொல்லிக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். என்னுடைய மூன்று வருஷத்தைத் தின்ற வாக்கியம் இது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. ராத்திரி லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டியை அனுப்பிவிட்டுப் படுக்க மணி இரண்டாகும். எங்கள் பக்கம் சுபுஹு நேரம் தொடங்கியதிலிருந்து சூரியன் உதிக்கும்வரை சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். கண் விழித்தால் ஜன்னலில் வெயில் நிற்கும். உடனே மனசு ஒரு கணக்குப் போடும்: சுபுஹு போச்சு, இன்றைய நாளில் ஓட்டை விழுந்தாச்சு, இனி நடுப்பகல் லுஹரைத் தொழுது என்ன, நாளையிலிருந்து ஐந்தையும் சரியாகப் பிடிப்போம். அந்த நாளை, வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை வந்தால் மாசம் பிறக்கட்டும் என்று தோன்றும். கடைசியில் எல்லாம் ரமழான் பிறையில் போய் நிற்கும்.

களத்தில் ஒரு மூட்டை நனைந்துவிட்டது என்பதற்காக மீதி மூட்டைகளை நான் மழையில் தூக்கிப் போட்டதில்லை. தொழுகையில் மட்டும் தினமும் அதைத்தான் செய்தேன். ஒரு வக்து போனதற்காக நாலு வக்தை விட்டேன். இதில் பெருமை வேறு. செய்தால் முழுசாகச் செய்வேன், இல்லாவிட்டால் இல்லை என்பதைப் பெரிய பேணுதல் என்று நினைத்திருந்தேன். சோம்பல்தான் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று தெரியவில்லை.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் ஓரிடத்தில் இரவு தங்கினார்கள். எழுப்பிவிடும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுடையது. அவரும் அசந்து தூங்கிவிட்டார். வெயில் பட்டுத்தான் எல்லோரும் விழித்தார்கள். அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, ஒளு செய்து, சுபுஹை ஜமாஅத்தாகவே தொழுதார்கள். மறந்தவரும் தூங்கிவிட்டவரும் நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்பதுதான் சட்டம். 'நாளைக்கு' என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

எங்கள் ஹனஃபி மத்ஹபில், அதாவது சட்டப் பிரிவில், இன்னும் கறார். களா, அதாவது நேரம் தவறிய தொழுகை, கையில் அதிகம் இல்லாதவர், அதாவது ஆறு வக்துக்குக் குறைவாக விட்டவர், வரிசைப்படிதான் தொழ வேண்டும். நினைவும் நேரமும் இருந்தால் சுபுஹைக் களாச் செய்துவிட்டுத்தான் லுஹருக்கு நிற்க வேண்டும். சுபுஹு போனதைக் காரணம் காட்டி லுஹரை விட்ட நான் சட்டத்தையே தலைகீழாகப் பிடித்திருந்தேன். விழித்தது சூரியன் உதிக்கிற நேரம் என்றால் மட்டும் ஒரு இருபது நிமிஷம் பொறுங்கள்.

இருபத்தைந்தாவது வயசில் மார்க்கம் சொல்லித்தரும் எங்கள் ஹஜ்ரத் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. காகிதம் எடுக்கச் சொன்னார். மூன்று வருஷம், 5,475 வக்து. ஹனஃபியில் இரவு இஷாவுக்குப் பின் தொழும் வித்ரு வாஜிப் (அவசியம்) என்பதால் அதையும் சேர்த்தால் 6,570. எழுதி முடித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. "ஒவ்வொரு பர்ளோடும் ஒரு களாவைச் சேர்த்துக்கப்பா. மூணு வருஷக் கடன், மூணு வருஷத்துல அடையும்" என்றார். பால் கணக்கு எழுதுகிற சின்ன நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு நாளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கோடு. காய்ச்சலில் படுத்த நாட்களில் வரி காலியாகவே கிடக்கும். அதை நிரப்ப மறுநாள் இரட்டிப்பாகத் தொழப் போனதில்லை, அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவேன். மூன்று வருஷம் என்றார், எனக்கு நாலரை ஆனது. அட்டை பிய்ந்து, கொப்பரை எண்ணெய் ஊறி, அந்த நோட்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

போன வாரம் எங்கள் பையன் ஒருவன் பத்து மணிக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தான்.

"சுபுஹு போயிருச்சுங்ணா. நாளையிலிருந்து கரெக்டா ஆரம்பிச்சுக்கறேனுங்க."

நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன பால் கணக்குங்களா?" என்றான். சொன்னேன். சாக்கை உதறி விரித்து அங்கேயே தொழுதான். அன்றைக்கு லுஹருக்கும் பள்ளிக்கு வந்தான். மறுநாள் வந்தானா என்றால், இல்லை. லுஹருக்கு வந்தான், சுபுஹுக்கு வரவில்லை. பரவாயில்லை, சாக்கு அங்கேதான் இருக்கிறது.

இரண்டு பள்ளிக்கு நடுவில் மாலை அஸரைத் தொலைப்பது

இது எல்லைக்காரர்களுக்கே உரிய தவறு. எங்கள் ராவுத்தர் பள்ளிகள் ஹனஃபி. பாலக்காட்டு மாப்பிள்ளைமார் பள்ளிகள் ஷாஃபி. நடுப்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளம் அளவுக்கு வந்தால் ஷாஃபியில் அஸர் வந்துவிடும். ஹனஃபியில் இரண்டு மடங்கு ஆக வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் ஆளைக் கவிழ்ப்பது. பாலக்காட்டில் லோடு இறக்கும்போது வாங்கு, அதாவது அஸர் பாங்கு, கேட்கும். நம் ஊர் பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, போய்த் தொழுதுகொள்ளலாம் என்று வண்டியை எடுப்போம். வழியில் டீ, அப்புறம் டயர், அப்புறம் அந்திநேர மஃரிப்.

உங்கள் ஹஜ்ரத்தையோ உஸ்தாதையோ ஒரு தடவை கேட்டு, வெளியூரில் எந்த நேரத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வண்டியில் ஒரு முஸல்லாவும் (தொழுகை விரிப்பும்) ஒளுவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கிடக்கட்டும்.

குர்ஆனை ரமழான் கணக்கிலேயே ஓதுவது

ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நாலு பக்கம் ஓதினால் ஒரு மாசத்தில் முடியும். ரமழானுக்குச் சரி. மற்ற மாசங்களில் தினம் ஒரு பக்கம் போதும். 604 பக்க முஸ்ஹஃப் இருபது மாசத்தில் முடிந்துவிடும்.

ஃபோனில் ஐந்து அலாரம்

வைத்தேன். ஐந்தையும் தூக்கத்திலேயே அணைத்தேன். இஷா தொழுததும் ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.