பேசும் வாத்தியங்கள்: ஊடாடும் கண்காட்சி மேசையை அமைக்கும் முறை

நாகசுரத்தின் சிறு மர மாதிரியை மேசையில் வைத்தவுடன் நாகசுரம் ஒலிக்க வேண்டும்; அருகில் தவிலை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். திரையும் பொத்தானும் இல்லாத இத்தகைய மேசைக்கு நல்ல முன்னோடி, 1992-இல் டரல் பிஷப் வடிவமைத்த தொலைபேசிப் பதிவுக் கருவியாகும். வந்த செய்தி ஒவ்வொன்றும் ஒரு கோலிக்குண்டாக வெளியே விழும். அதை ஒரு குழியில் வைத்தால் செய்தி கேட்கும், வேறொரு குழியில் வைத்தால் அனுப்பியவருக்கே அழைப்பு போகும்.

ஒவ்வொரு மாதிரியின் அடியிலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலைவழியே தன் அடையாள எண்ணைத் தெரிவிக்கும் சிறு வில்லை) ஒன்றை ஒட்டி, மேசையில் தோண்டிய ஒவ்வொரு குழியின் கீழும் டேக்கைப் படிக்கும் ஆர்சி522 ரீடரையும், அதை இயக்கும் வைஃபை வசதியுள்ள சிறு கணினிப் பலகையான இஎஸ்பி32-ஐயும் பொருத்துங்கள். ரீடருக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுக்க வேண்டும். அது சில சென்டிமீட்டர் தூரமே படிக்கும் என்பதால் குழியின் அடிப்பலகை மெல்லியதாக இருக்கட்டும்; உலோகத்தின் மீது சாதாரண டேக் வேலை செய்யாது. ரீடர் அவ்வப்போது ஒருமுறை டேக்கைத் தவறவிடுவது இயல்பு. அதை உடனே 'பொருள் எடுக்கப்பட்டது' என்று கொண்டால் இசை விட்டுவிட்டு ஒலிக்கும். எனவே தொடர்ந்து அரை நொடி டேக் தென்படாதபோது மட்டுமே பொருள் எடுக்கப்பட்டதாகக் கொள்ளுங்கள்.

குழிகள் ஒன்றோடொன்று பேச, கருவிகளுக்கிடையே சிறு செய்திகளைக் கடத்தும் எம்க்யூடிடி போதும். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக உருவான இந்த நெறிமுறை, தடுமாறும் இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், இந்தச் செய்திகளை வாங்கி உரிய இடங்களுக்கு அனுப்பும் மஸ்கீட்டோ மென்பொருளை நிறுவி, குழிகளை அதனுடன் இணையுங்கள். இங்கே ஒரு விதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: எந்தக் குழியும் 'ஒலிபெருக்கியை இயக்கு' என்று ஆணையிடக் கூடாது, 'என்மேல் தவில் வந்திருக்கிறது' என்று நடந்ததை மட்டும் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் நாளை ஒரு விளக்கையோ மூன்றாவது வாத்தியத்தையோ சேர்க்கும்போது பழைய குழிகளின் நிரலைத் தொட வேண்டியிருக்காது.

இரு வாத்தியங்களின் தாளம் பிசகாமல் இருக்க, சேர்ந்து வாசித்துத் தனித்தனியாகப் பதிவுசெய்த இரண்டு ஒலித்தடங்களையும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒலியளவைச் சுழியத்தில் வையுங்கள். மாதிரி குழிக்கு வந்ததும் அதற்குரிய ஒலியளவை மட்டும் உயர்த்தினால் போதும். எந்த நொடியில் வைத்தாலும் தவில் சரியான இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

பொருளை வைத்த பத்தில் ஒரு நொடிக்குள் பதில் கிடைத்தால்தான் தன் கை செய்த செயலாக மனிதர் அதை உணர்வார். ஆகவே குழியைச் சுற்றியுள்ள எல்இடியை, வைஃபைக்குக் காத்திராமல், அந்தக் குழியின் இஎஸ்பி32 பலகையே எரியவிட வேண்டும். வைஃபை அறுந்தாலும் பார்வையாளருக்கு அந்த ஒளியாவது கிடைக்கும்.

முடிந்ததும் எந்த விளக்கமும் சொல்லாமல் சிலரை மேசையருகே விட்டுக் கவனியுங்கள். மாதிரியை எங்கே வைப்பது என்று தயங்கினால் அறிவிப்புப் பலகை எழுதாதீர்கள். வாத்தியத்தின் வடிவம் அப்படியே பொருந்தும்படி குழியைத் திருத்திச் செதுக்குங்கள்.