ஆங்கில வகுப்புக்கு ஒரு கேட்டல் பயிற்சி

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஒரு 40 நிமிடப் பாடவேளை போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றி 60 சொல்லுக்குள் ஐந்து ஆங்கில வாக்கியங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு சூடு என்பது திருகோணமலைப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான்; கவனம் முழுக்க மொழியில் நிற்கும்.

இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை பேனை மேசையிலேயே இருக்கட்டும். இரண்டாம் தடவை முக்கிய சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு இருவர் இருவராகப் பேசி, 15 நிமிடத்தில் பந்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தால் காரியம் கெட்டது. அது வெறும் சொல்வதெழுதல் ஆகிவிடும்.

கடைசியில் மூலத்தைப் பலகையில் எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள். 'த வோட்டர் ஃபீல்ஸ் வோர்ம்' என்பது பல கொப்பிகளில் 'வோட்டர் ஃபீல் வோர்ம்' என்று இருக்கும். 'த' போன்ற சொல் தமிழில் இல்லை, வினையின் 'ஸ்' அழுத்தமில்லாமல் வருகிறது. காதில் விழுந்தாலும் கையில் வராது. எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். அன்றைக்கு ஒரேயொரு வகைப் பிழையை எடுங்கள், பிள்ளையே தேடிக் கோடிடட்டும்.