இம்ப்ளான்ட் பல்: வைக்கும் முன்பும் வைத்த பிறகும்

கடவாய்ப்பல் ஒன்று போனால், "மறுபக்கம் மென்னா போச்சு" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பல் எடுத்த குழியைச் சுற்றியுள்ள எலும்பு முதல் வருஷத்திலேயே வேகமாகக் கரையும். அந்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்கும் எண்ணம் இருந்தால் பல் எடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இம்ப்ளான்ட் பல்லில் மூன்று பாகங்கள் உண்டு. எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்க்ரூ பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. தடிமனும் 8 முதல் 13 மி.மீ. நீளமும் இருக்கும். அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் பல் வடிவக் கேப்.

எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்பதைவிட உங்கள் எலும்பும் ஈறும் எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது. தாடையை முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேன் கேளுங்கள். கீழ்த்தாடையில் நரம்புக்கும் ஸ்க்ரூ நுனிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், இல்லாவிட்டால் உதடு மரத்துப்போகலாம். மேல்தாடையில் சைனஸ் (மூக்கோரக் காற்றறை) தாழ்ந்திருந்தால் முதலில் எலும்புத்தூள் வைக்க வேண்டியிருக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புகை ஈறுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால் எலும்பு ஸ்க்ரூவோடு சேராமல் போகலாம். பாக்கும் புகையிலையும் மென்று வாய் இறுகியவர்களுக்கு வேறு சிக்கல்: மூன்று விரலை நெட்டுக்குத்தாக நுழைக்க முடியாத வாயில் பின்பல்லுக்கு டிரில் கொண்டுபோவதே கஷ்டம்.

ஊசி போட்டு மரக்கவைத்து, சலைன் ஊற்றிக்கொண்டே சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குவார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடானாலே செத்துவிடும், அதனால் இந்த வேலையில் அவசரம் ஆகாது. தையல் ஏழு முதல் பத்து நாளில் பிரிப்பார்கள். எலும்பு ஒட்டக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

முதல் நாள் துப்பவோ வேகமாகக் கொப்பளிக்கவோ கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். ஆறிய இட்லி, தயிர்சோறு, காரமில்லாத சொதி ஊற்றிக் குழைத்த சோறு போதும். பனங்கிழங்கு நார் தையலில் சிக்கும். முறுக்கும் சீவலும் அந்தப் பக்கம் வேண்டாம்.

கேப்பை ஸ்க்ரூ போட்டு மாட்ட முடியுமா என்று கேளுங்கள். சிமென்ட் வைத்து ஒட்டினால் மிச்சம் ஈறுக்கடியில் தங்கிப் புண்ணாக்கலாம். கேப் மட்டும் ஆடினால் அதைப் பிடித்திருக்கும் சின்ன உள் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். மருத்துவர் முறுக்கிவிட்டால் சரியாகும், அப்படியே மென்றால் அந்த ஸ்க்ரூ ஒடியலாம். அடியிலுள்ள இம்ப்ளான்டே ஆடினால் எலும்பு சேரவில்லை. எடுத்துவிட்டு, எலும்பு ஆறியபின் மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகலாம், அதுவும் பெரும்பாலும் வலியில்லாமல். தேய்க்கும்போது ரத்தம் வந்தால் உடனே காட்டுங்கள். கரித்தூள், செங்கல்பொடி வேண்டாம். மென்மையான பிரஷும், இடுக்குக்குப் பிளாஸ்டிக் பூசிய கம்பியுள்ள சின்ன பிரஷும் தினமும் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

ஸ்க்ரூ டப்பாவில் உள்ள கம்பெனி, அளவு, லாட் எண் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள். பாளையங்கோட்டையில் வைத்துக்கொண்டு மும்பைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு, அங்குள்ள மருத்துவர் சரியான ஸ்க்ரூ டிரைவரை எடுக்க அது உதவும்.